முப்பத்திரண்டு கடைசி வரிகள்

அச்சகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். இருபது வருடமாகக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறாள். எந்த நோட்டீஸ் வந்தாலும் அதிகப்படியான ஒரு வார்த்தை அவள் கண்ணை உறுத்தும். வெட்டட்டுமா என்று கேட்பாள். முதலாளி, "உனக்கு எதுக்கும்மா வம்பு, குடுத்தத அடி" என்பார்.

குறுங்கவிதைப் புத்தகம் வந்தால் மட்டும் அவளுக்கு உயிர் வரும். மதியச் சாப்பாட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்துவிடுவாள். சின்னக் கவிதை சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. மீதியை வாசிக்கிறவன் பார்த்துக்கொள்வான், அவனுக்கும் மூளை இருக்கிறது.

அப்படிப்பட்டவளிடம்தான் பல் டாக்டரின் புத்தகம் வந்து சேர்ந்தது. மனைவி இறந்த பிறகு எழுத ஆரம்பித்தவர். முப்பத்திரண்டு கவிதைகள், ஒவ்வொன்றும் நாலு வரி.

பல் பிடுங்க வந்தவர்
பயத்தில்
என் கையையே பிடித்துக்கொண்டார்
மனிதம் இன்னும் சாகவில்லை

மூன்று வரியில் அழகாக வந்த கவிதையை நாலாவது வரியில் கழுத்தைத் திருகிப் போட்டிருந்தார். அடுத்ததும் அப்படித்தான். "இதுதான் வாழ்க்கை", "இதுவே அன்பு" என்று பக்கத்துக்குப் பக்கம் கோனார் உரை. பத்தாவது கவிதைக்குள் அவளுக்குத் தலை வெடித்தது. "ஏன் சார், எங்களுக்குப் புரியாதா?" என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். அதன்பிறகு கடைசி வரிகளை விரல் அடித்தது, கண் படிக்கவில்லை.

டாக்டர் ப்ரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு, எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார் முதலாளி. பெரிதாக்கினாள். கவிதைக்குப் போட்டிருந்த கட்டத்துக்குள் மூன்று வரிதான் அடங்கியது. நாலாவது வரி திரையிலிருந்தே மறைந்து, கட்டத்தின் மூலையில் கடுகளவு சிவப்புக் குறியாக நின்றது. முப்பத்திரண்டு பக்கத்திலும் அந்தக் குறி. மறுபடி படித்துப் பார்த்தவளும் அவள்தான். படிக்கவே பிடிக்காத வரிகள் காணாமல் போனது அவளுக்கு எப்படித் தெரியும்?

வெளியீட்டு விழாவில்தான் குட்டு வெளிப்பட்டது. ஆனால் மேடையில் வாசித்ததைக் கேட்டவர்கள் கைதட்டினார்களாம். டாக்டர் இவ்வளவு நறுக்கென்று எழுதுவாரா என்று வியந்தார்களாம். முதலாளி திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். கத்திரிக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி, 'நான் சொன்னது சரிதானே' என்ற திமிர் பாதி.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். எதிரே உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார்.

"முப்பத்தோரு கவிதைல கடைசி வரி இல்லாததே நல்லாயிருக்கும்மா. எனக்கே தெரியுது. இந்த ஒண்ணு மட்டும் பாரு."

கதவைத் திறந்தேன்
விளக்கைப் போட்டேன்
செருப்பைக் கழற்றினேன்

"இது என்ன சார், வீட்டுக்குப் போன கணக்கு மாதிரி இருக்கு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள்.

"ஆமா. இப்ப அப்படித்தான் இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி வரி இதுதான்: 'வந்துட்டேன்' என்றேன்."

அவளுக்குச் சட்டென்று முகம் சுண்டியது. அந்த வரியை அடித்தது அவள் விரல்கள்தான். புத்தகத்திலேயே நல்ல வரி அது. ஆளில்லாத வீட்டில் ஒரு மனுஷன் சொன்ன வார்த்தை. அதையும் உரை என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறாள். இவளா கவிதை படிக்கத் தெரிந்தவள்? வெட்கமாக இருந்தது, தன் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

"ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடலாம் சார்" என்றார் முதலாளி.

"வேணாம்" என்றாள் கத்திரி. "நான் கையால எழுதறேன்."

விற்காத பிரதிகள் இருநூற்றுப் பத்து. டாக்டர் பக்கத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தார், அவள் எழுதினாள். நாற்பதாவது பிரதியிலும் அந்த வரிக்கு முன்னால் அவள் கை ஒரு நொடி நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை.