கோமளா மாமியின் கடவுச்சொல்

கோமளா மாமி தன் கடவுச்சொல்லை மறக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நான்தான் அவரை நம்ப வைத்தேன். கணினியைப் பாழாக்கியது என் கை. பழியை அவருடைய ஞாபகத்தின் மேல் போட்டேன்.

இதோடு நீங்கள் படிப்பதை நிறுத்திக்கொண்டாலும் பாதகமில்லை. ஒப்புக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் விவரம். ஆனால் விவரத்தில்தான் நான் எப்படிப்பட்டவன் என்பது தெரியவரும்... அதனால் சொல்கிறேன்.

எனக்கு உறையூரில் வீடு. திருச்சியை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்கிறேன். அதோடு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மேல் எனக்குப் பைத்தியம் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாருடைய கணினியாவது மெதுவாக ஓடுகிறது என்று காதில் விழுந்தால் போதும், இலை போடுவதற்குள் அவருக்கு லினக்ஸின் பெருமையைச் சொல்லி முடித்திருப்பேன். என் மனைவி இதற்காகவே என்னோடு விசேஷங்களுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் இலவச மென்பொருள் முகாம் நடத்தினோம். கல்லூரிப் பிள்ளைகள் பின்வரிசையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர் ஒருவர்தான். மூக்குத்தி, மடிப்புக் கலையாத புடவை, மடியில் லேப்டாப். கோமளா மாமி.

மாமி பெண்களுக்குப் பாசுரம் சொல்லிக்கொடுப்பவர். சந்தை என்பார்கள் அங்கே. சொல்லிக்கொடுப்பவர் ஓர் அடியை ஒருமுறை சொல்ல, கற்றுக்கொள்பவர்கள் அதை இரண்டு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். மாமியின் மாணவிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். எல்லாம் கணினி வழியாகத்தான். கையில் புத்தகம் வைத்துக்கொள்ள மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார், அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருந்தால் என்ன? நியாயமான கர்வம்தானே!

பல வருஷங்களாகப் பதிவு செய்த பாடங்கள், காலமான கணவரின் படங்கள், எல்லாம் அந்த லேப்டாப்பில் இருந்தன. "ஆத்துக்கு வரவா எல்லாரும் எடுத்து நோண்டறா. பூட்டி வைக்க முடியுமோ?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறையாக்கம், அதாவது கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டுவது, வேண்டும் என்று என்னிடம் கேட்ட முதல் ஆள்! உத்தர வீதியில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து லினக்ஸ் நிறுவி, அவருடைய கோப்புகள் இருக்கும் முகப்புக் கோப்புறை முழுவதையும் மறையாக்கம் செய்து கொடுத்தேன்.

அதன் ஏற்பாடு எளிது. உள்ளே ஒரு சின்னக் கோப்பில் சாவி இருக்கும். மாமி கடவுச்சொல்லை அடித்தால் சாவி வெளியே வரும், சாவி கோப்புறையைத் திறக்கும். சாவிக் கோப்பு தொலைந்தால் கடவுச்சொல் இருந்தும் பயனில்லை. அதற்காகவே, நிறுவி முடித்ததும், அவசரத்துக்கு உதவும் ஒரு நீளமான எழுத்துத் தொடரைக் காட்டி, இதைப் பத்திரமாக எழுதி வையுங்கள் என்று கணினி கேட்கும். கேட்டது. "அது என்னப்பா கேக்கறது?" என்றார் மாமி.

"இதெல்லாம் உங்களுக்கு வேண்டாம் மாமி" என்று சொல்லி அந்தச் சாளரத்தை மூடினேன். படம் காட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? படம் காட்டுகிறவன் நிதானிப்பானா?

சில வருஷங்கள் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு லினக்ஸின் புதிய பதிப்பு வந்தது. மாமி கேட்கவில்லை, நான்தான் வலியப் போய் மேம்படுத்தினேன். முடிந்ததும் மாமியைக் கடவுச்சொல் அடிக்கச் சொன்னேன். சரசரவென்று அடித்தார். திரை ஒரு கணம் கறுத்தது. மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே வந்து நின்றது. இன்னொரு முறை அடித்தார். அதே கதை.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கடவுச்சொல் தப்பாக இருந்தால், தப்பு என்று கணினி எழுதிக்காட்டும். எழுதவில்லை. ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போனது, கோப்புறை திறக்காததால் திரும்பி வந்தது. அதாவது மாமி அடித்தது சரி. அது எனக்கு அப்போதே தெரியும்!

கோப்புறையைத் திறக்கும் சின்ன நிரல் ஒன்று புதிய பதிப்பில் விடுபட்டிருந்தது. அதை நிறுவியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் செய்தது, கல்லூரி ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்வது. மேம்படுத்திய கணினி இப்படி அடம்பிடித்தால், மறைவாக இருக்கும் பழைய அமைப்புக் கோப்புகளை எல்லாம் அழித்துவிடுவேன். அடுத்த முறை அது தானாகவே புதிதாக உருவாக்கிக்கொள்ளும். மாணவர்களின் கணினிகளில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். கை பழகிவிட்டது. மாமியின் கணினியிலும் மறைவாக இருந்ததை எல்லாம் அழித்தேன். அவற்றில் ஒன்று சாவிக் கோப்பு.

பிரதி எடுத்து வைத்தேனா? இல்லை. எதையும் தொடுவதற்கு முன் பிரதி எடு என்பது நான் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் பாடம்...

அழித்ததை மீட்க எனக்குத் தெரிந்த வித்தை எல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. மாமி காபியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்னப்பா முரளி, நான் தப்பா அடிக்கறேனா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கலாம் மாமி. வேற ஏதாவது வெச்சிருந்தீங்களான்னு யோசிச்சுப் பாருங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? திட்டு விழும் என்று பயந்தா? மாமி திட்டுகிறவர் அல்லர். போனால் போகட்டும் என்று சொல்லி எனக்கு இன்னொரு காபி கொடுத்திருப்பார். முரளி கைபட்டால் எதுவும் சரியாகிவிடும் என்று அந்த வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் அவர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

இனி சொல்லப்போவது அதைவிட மோசம். அந்தக் கேள்வியை மாமி எந்தப் பயத்தில் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவருடைய அம்மா அதே வீட்டில், கடைசிக் காலத்தில், பெற்ற மகளையே யார் என்று கேட்டவர். மாமிதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். புனேயில் இருக்கும் மகன் ரகு, தனியாக இருக்க வேண்டாம், இங்கே வந்துவிடு என்று ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மாமி சொல்லியிருந்த பதிலை என்னிடமும் சொல்லியிருக்கிறார்.

"ஞாபகம் நன்னா இருக்கற வரைக்கும் ரங்கநாதனை விட்டு நகரமாட்டேன். என்னிக்கு மறக்க ஆரம்பிக்கறேனோ அன்னிக்கு நானே கூப்பிடறேன், வந்து அழைச்சுண்டு போன்னுட்டேன்."

இதெல்லாம் தெரிந்துதான், "இருக்கலாம் மாமி" என்றேன்.

லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன், முயன்று பார்ப்பதாகச் சொல்லி. மாமியின் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு கடவுச்சொல். கணவர் வேலை பார்த்த ஊரின் பெயர். முதன்முதலாகக் குடியிருந்த வீட்டின் கதவு எண். கணவர் தனியாக இருக்கும்போது மட்டும் கூப்பிடும் செல்லப் பெயர். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். கூச்சமாக இருந்தது எனக்கு.

நான் ஒவ்வொன்றையும் அடித்துப் பார்ப்பவன்போலச் சற்றுத் தாமதித்து, இல்லை மாமி என்பேன். எதையும் அடித்ததில்லை. அடித்து என்ன ஆகப்போகிறது? சாவியே இல்லையே!

ஒருநாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். மாமி கூப்பிட்டார்.

"ரகுவுக்கு முன்னாடி ஒரு பொண் கொழந்தை பொறந்துது. தங்கலை. அவளுக்கு நான் மனசுக்குள்ள ஒரு பேர் வெச்சிருந்தேன். மாமாவுக்குக்கூடச் சொன்னதில்லை. ஒருவேளை அதை வெச்சிருப்பேனோ? போட்டுப் பாரேன்."

பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். பேருந்துகளின் இரைச்சலில் நின்றுகொண்டு, டீ ஆறுவதற்குள், "இல்லை மாமி, அதுவும் இல்லை" என்றேன்.

"சத்தமா இருக்கே, வெளியில இருக்கியா?"

"கல்லூரியில மாமி. லேப்டாப் கையிலதான் இருக்கு."

இப்படி ஒருவன் இருப்பானா என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? இருந்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

அதன் பிறகு மாமி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த ஆரம்பித்தார். வேறொரு பழைய கணினியை அதற்காகத் தயார் செய்து கொடுத்தவன் நானே. புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாலும் நடுவில் நின்றுவிடுவாராம், சரியாகச் சொன்னோமா என்று மாணவிகளையே கேட்பாராம். கொஞ்ச நாளில் வகுப்பை நிறுத்திவிட்டார். புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் போய்ப் பார்த்தார். ஒன்றும் இல்லை, வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது ஞாபகம் என்று மருத்துவர் சொன்னதாக என்னிடம் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. உடனே, "ஆரம்பத்துல எந்த டெஸ்ட்லயும் தெரியாதாம்ப்பா. எங்கம்மாவுக்கும் அப்படித்தான்" என்றார்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபம் வரை போனேன். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, ஆற்றில் குளிப்பவர்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். காரணம் கேட்காதீர்கள்... கோழைக்குக் காரணம் எதற்கு?

மாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரகுவைத் தானே கூப்பிட்டு, வந்து அழைத்துக்கொண்டு போ என்றார். உத்தர வீதி வீட்டை வாடகைக்கு விட்டார்கள். சாமான்களைக் கட்டும் நாளில் நானும் போயிருந்தேன். கம்பிகளைச் சுருட்டி, மோடத்தை அட்டைப் பெட்டியில் போட்டு, எந்தக் கம்பி எதற்கு என்று ஒட்டி வைத்தேன். ரகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு ரொம்ப உதவியா இருந்திருக்கீங்க சார்" என்றார். நான் தலையாட்டினேன். மாமி போகும்போது கோபுரத்தைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, என் பக்கம் திரும்பி, "அந்த லேப்டாப் உன்கிட்டயே இருக்கட்டும். ஞாபகம் வந்தா கூப்பிடறேன்" என்றார்.

அதன் பிறகு மாதங்கள் ஓடிவிட்டன. போன வாரம் நானே கூப்பிட்டேன். ஏன் போன வாரம்? தெரியவில்லை. ஆய்வகத்தில் ஒரு மாணவன் எதையோ அழித்துவிட்டு, அழித்தது நான்தான் சார் என்று என்னிடம் வந்து நின்றான். நான் அவனைத் திட்டினேன். மத்தியானம் மாமிக்குப் போன் செய்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, நான் அழித்தது, பிரதி எடுக்காதது, பேருந்து நிலையம், எல்லாம்.

"மாமி, நீங்க மறக்கல. முதல் நாள் அடிச்சீங்களே, அதுதான் சரி. தப்பு முழுக்க என்னுது."

அழுவார் என்று நினைத்தேன். அழட்டும், திட்டட்டும், ரகுவிடம் சொல்லட்டும். எதற்கும் தயாராக இருந்தேன். ஆனால் மாமி சிரித்தார். மெல்லிய, அன்பான சிரிப்பு.

"ரகு சொல்லிக்கொடுத்தானா? அவனும் இப்படித்தான் பண்றான். நான் எதையாவது தேடினா, நான்தான்மா மாத்தி வெச்சுட்டேங்கறான். எங்கம்மாவுக்கு நானும் இதையேதான் பண்ணினேன். அவ மறந்ததை எல்லாம் நான் மறந்ததாச் சொல்லிப்பேன், அவ மனசு நோகப்படாதுன்னு. எனக்குத் தெரியாதாப்பா?"

"இல்ல மாமி, சத்தியமா..."

"நம்பறேன்ப்பா, நம்பறேன்."

குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தன் அம்மாவிடமும் இதே குரலில்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது. இன்னொரு முறை முதலிலிருந்து விளக்கினேன். ம் கொட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். என் குரல் உடைந்தபோது, "நீ ஏன் இதுக்கெல்லாம் கலங்கறே? வயசானா வரதுதானே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்!

என்னை மன்னிக்கக்கூட அவரால் முடியவில்லை. மன்னிப்பதற்கு நான் எதுவும் செய்யவில்லை என்று நம்புகிறார். நல்லவன் என்று நினைக்கிறார். அதனால்தான் இதை உங்களிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது. நீங்களாவது நம்புங்கள்.

போனை வைக்கப்போனேன்.

"இரு முரளி. நேத்திக்கு இன்னொண்ணு ஞாபகம் வந்தது. இதுவாத்தான் இருக்கும்னு தோணறது. எழுதிக்கறயா?"

"சொல்லுங்க மாமி" என்றேன்.