வியாழக்கிழமை தெற்கே சூலம்

பாளையங்கோட்டையில் ஒருத்தர் காசிக்குப் போனாலும் சரி, காரைக்குடிக்குப் பெண் பார்க்கப் போனாலும் சரி, பாபநாசத்தை ஒரு வார்த்தை கேட்காமல் வண்டி ஏறுவதில்லை. பாபநாசம் என்றால் இங்கே ஊர் அல்ல, ஆள். பிள்ளை வேண்டும் என்று அந்த ஊர்க் கோயிலில் நேர்ந்துகொண்டு பெற்ற மகனுக்கு அப்பாவும் அம்மாவும் ஊர்ப்பெயரையே வைத்துவிட்டார்கள். வேலையும் பொருத்தமாகத்தான் வாய்த்தது. வண்ணார்பேட்டை பஸ் டிப்போவில், எந்த பஸ் எப்போது புறப்பட்டு எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுகிற மேசை அவருடையது. உடன்குடி வண்டி சாத்தான்குளத்தில் நிற்கும்போது பயணிகள் அவசர அவசரமாக டீயை ஊதிக் குடித்தார்கள் என்றால் அந்தப் பாவம் பாபநாசத்தைத்தான் சேரும்.

ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஊரில் யார் எங்கே போனாலும் திட்டம் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கமாட்டார். திரும்பி வந்து, "நீங்க சொன்னபடியே அச்சு பிசகாம நடந்துட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று ராத்திரி ஒரு தோசை கூடச் சாப்பிடுவார்.

அவருடைய திட்டங்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது சூலம். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் சூலம் நிற்கிறது. அன்று அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது. திங்களும் சனியும் கிழக்கு, செவ்வாயும் புதனும் வடக்கு, வெள்ளியும் ஞாயிறும் மேற்கு, வியாழன் தெற்கு. தினசரிக் காலண்டரில் ராகுகாலத்துக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தாலும் பாதிப்பேர் பார்ப்பதில்லை. பாபநாசம் அதைப் பார்த்துவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பார். இரண்டாவது சட்டம், சுற்றிவர வேண்டிய இடத்தை வலமாகத்தான் சுற்றவேண்டும். நெல்லையப்பர் தேர் ரத வீதியைச் சுற்றுகிற மாதிரி, சுற்றப்படுவது எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும். போன வழியே திரும்புவது அவருக்குப் பிடிக்காது. அது பயணமே இல்லை, மறந்த குடையை எடுக்கப் போவது என்பார்.

இப்படி ஊரையெல்லாம் அனுப்பிவைத்தவர், தன் மனைவி கோமுவைக் கூட்டிக்கொண்டு போனது கன்னியாகுமரி வரைக்கும்தான். அதுவும் கல்யாணமான புதிதில். மக்கள் படிப்பு, மாமியார் படுக்கை, வீட்டுக்கடன் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. கோமுவும் கேட்டதில்லை. கேட்காதவளுக்கு ஆசை இல்லை என்று பாபநாசம் வசதியாக நினைத்துக்கொண்டார். ஆண்பிள்ளைகளில் பலருக்கு இந்த வசதி பிறவியிலேயே அமைந்துவிடுகிறது.

தொண்ணூற்றைந்து ஜனவரியில் இலங்கையில் சண்டை நின்றது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்று ரேடியோ சொன்னது. பாபநாசத்தின் மகள் விஜயஸ்ரீ கொழும்பில் இருந்தாள். அவள் புருஷன் கோமதிசங்கருக்கு அங்கே ஒரு டயர் கம்பெனியில் வேலை. மாசி பிறந்ததும் பக்கத்து வீட்டு நேசையா சார் வீட்டு ஃபோனில் மகள் கூப்பிட்டாள். கம்பெனி வேனும் டிரைவரும் கிடைக்கும், வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் லீவு, இப்போது வந்தால் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம், பிறகு நிலைமை எப்படியோ என்றாள். வடக்கும் கிழக்கும் வேண்டாம், மற்றபடி எங்கே என்று அப்பாவே திட்டம் போட்டுச் சொல்லட்டும் என்று மாப்பிள்ளை ஒரு கும்பிடும் போட்டுவைத்தார். மாமனாரின் நாடி தெரிந்த மாப்பிள்ளை.

பாபநாசத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு தீவையே வலம் வரப் போகிறார். நேசையா பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அட்லாஸை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"தீவுன்னா லேசு வே. எந்தப் பக்கம் போனாலும் கடலு தடுத்துரும். வழிதவறிப் போகணும்னு நெனச்சாலும் போக முடியாது" என்றார்.

"வழி கெடக்கட்டும் சார்வாள். கெழம சரியா வரணும்லா."

"அங்கன உள்ளவன் எல்லா நாளும் எல்லாத் திசைக்கும்தான் போறான். நல்லாத்தான் இருக்கான்."

"நல்லா இருந்தா எதுக்குச் சண்ட வருது?" என்றார் பாபநாசம். ஞாயிறுதோறும் தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நேசையா அட்லாஸைத் திருப்பினார்.

அந்தத் திட்டம் அமைந்த அழகை அவர் அப்புறம் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து கிழக்கே கண்டி. திங்கள் தெற்கே நுவரெலியா. செவ்வாய் மலை இறங்கி, மத்தியானம் பண்டாரவளையில் சாப்பாடு, சாயங்காலம் கதிர்காமம். முருகனுக்கு உகந்த செவ்வாய்க்கிழமையே முருகன் சந்நிதி. புதன் மேற்கே கடலோரமாகக் காலி என்கிற ஊர். வியாழன் வடக்கே கொழும்பு. வெள்ளி ஓய்வு, சனி திரும்புகிற விமானம். ஒரு நாள்கூடச் சூலம் குறுக்கே நிற்கவில்லை, மலை முழுக்க வலக்கைப் பக்கமே வந்தது. போகிற விமானம் மட்டும் முந்தின சனிக்கிழமை கிழக்கே பறப்பதாக அமைந்தது. சூலம் தரையில் நடக்கிறவர்களுக்குத்தான், ஆகாயத்தில் கிடையாது என்று அவரே ஒரு சட்டம் இயற்றி அதைக் கடந்தார்.

எழுதி முடித்ததைக் கோமுவுக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கண்டி, நுவரெலியா வரைக்கும் தலையசைத்தவள் பிறகு அசைக்கவில்லை. முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. நீங்க போயிட்டு வாங்க. நான் வரல்ல" என்றாள்.

"ஏன், என்ன செய்யுது ஒனக்கு?"

"எனக்கு வண்டி ஒத்துக்கிடாது."

பாபநாசம் இதை வண்டிக் கோளாறு என்றே எடுத்துக்கொண்டார். மலைப்பாதையில் குமட்டும் என்று நார்த்தங்காய் ஊறுகாயும் எலுமிச்சம்பழமும் வாங்கி வந்தார். அவள் வாங்கி உள்ளே வைத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. சாப்பாடுதான் பயம்போலிருக்கிறது, அந்த ஊரில் தேங்காய்த் துவையல் மாதிரியான சம்பலில்கூட மாசிக்கருவாட்டைப் பொடித்துப் போடுவார்களே, சைவக்காரி என்ன செய்வாள் என்று யோசித்து, கட்டுச்சோறும் பருப்புப்பொடியும் எந்த வேளைக்கு எது என்பதுவரை தீர்த்துவைத்தார். அதற்கும் அவள் மசியவில்லை. விமானத்தைக் கண்டு பயப்படுகிறாள் என்று முடிவுகட்டி, மேலப்பாளையத்திலிருந்து துபாய்க்குப் போய்வருகிற பீர் மைதீனை வீட்டுக்கே கூட்டிவந்து, "ஒண்ணுமே தெரியாதுக்கா, நம்ம சிட்டி பஸ்ஸுதான் இதவிடக் குலுக்கும்" என்று சொல்லவைத்தார். பீர் மைதீனுக்குக் காப்பி கிடைத்தது. பாபநாசத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவருக்கு உள்ளுக்குள் ஆறவில்லை. ஊரே அவர் திட்டத்தை நம்பிப் போகிறது, சொந்தப் பெண்டாட்டி வரமாட்டேன் என்கிறாள். அவள் இல்லாமல் கதிர்காமத்தில் தனியாகக் கைகூப்பி நிற்பதை நினைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. கோபம் பாதி, வருத்தம் பாதி.

டிக்கெட் கைக்கு வந்த அன்று கோமு ஒரு பெரிய துணிப்பையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். கூழ்வற்றல், சுண்டைவற்றல், மிளகாய்ப்பொடி, விரலி மஞ்சள், இரண்டு சுங்கடிச் சேலை, தாழம்பூக் குங்குமம். பை இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

"இது யாருக்கு?"

"அக்காவுக்கு. பண்டாரவளைல குடுத்துருங்க."

கோமுவின் அக்கா ஆவுடையம்மாள் பண்டாரவளையில்தான் இருந்தாள். அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தவருக்குப் பதினேழு வயதில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். பாபநாசம் இதை மறக்கவில்லை. மறக்காததால்தான் மத்தியானச் சாப்பாட்டைப் பண்டாரவளையில் போட்டிருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இம்புட்டையும் எறக்கி வச்சுப் பேச நேரம் இருக்காதே" என்றார். "சாப்பாட்டு நேரந்தான் அங்க."

"எம்புட்டு நேரம்?"

"ஒண்ணரை மணி. மத்த எடத்துல முக்கா மணிதான் போட்டிருக்கேன். ஒனக்காகத்தான் கூட்டிப் போட்டேன்."

கோமு பையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சத்தம் உயரவில்லை.

"அவ கடைசியா வந்தது எங்கப்பா செத்ததுக்கு. பெறகு கலவரத்துல கட எரிஞ்சுது. கப்பலும் நின்னுபோச்சு. அத்தானும் போயிட்டாவ. ஒண்ணுக்கும் நான் போகல்ல, எட்ட நின்னு அழுததோட சரி. அவளப் பாக்காம இருக்கது எனக்குப் பழகிட்டு. ஒண்ணரை மணி நேரம் பாத்துட்டு எந்திரிச்சு வண்டியில ஏறுன்னா, அது என்னால ஆகாது. அதுக்கு வராமலே இருந்துக்கிடுதேன்."

அவள் சொன்னதில் பாபநாசத்துக்குத் தெரியாத செய்தி ஒன்றுகூட இல்லை. மாமனார் இறந்ததற்குத் தோள் கொடுத்தவர் அவர். கடை எரிந்த செய்தியை நேசையா வீட்டு ஃபோனில் கேட்டுவந்து சொன்னவரும் அவர். எல்லாம் தெரிந்திருந்தும், கூடப்பிறந்தவளைப் பார்க்க இலை போட்டு எடுக்கிற நேரத்தை ஒதுக்கிவிட்டு, அதைச் சலுகை என்று வேறு சொல்லிக்காட்டியிருக்கிறார். பஸ் நிற்கிற நேரத்தைக் குறைத்துக் குறைத்தே பழகிய புத்தி. அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் மார்க்கெட்டைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். வலமா இடமா என்று அன்று பார்க்கவில்லை.

வந்தவர் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ராத்திரி தங்கினால் போதாது, அது அவருக்கே தெரிந்தது. இரண்டு ராத்திரி என்றால் வியாழக்கிழமை புறப்படவேண்டும். கதிர்காமம் தெற்கே, வியாழன் தெற்கே சூலம். வெள்ளிவரை இருக்கலாம் என்றால் சனிக்கிழமை விமானம் கழுத்தைப் பிடிக்கும். எந்தப் பக்கம் இழுத்துப் பார்த்தும் திட்டம் சேரவில்லை. கடைசியில் அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"கோமு, பண்டாரவளைல ரெண்டு ராத்திரி இருப்போம். கதிர்காமம் வேண்டாம், காலி வேண்டாம். வியாழக்கெழம வந்த வழியே கொழும்புக்குத் திரும்பிருவோம். ஃபோன்ல மாப்பிள்ளைட்ட சொல்லிருதேன்."

கோமு அடுப்பைத் தணித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். வந்த வழியே திரும்புவோம் என்று இந்த மனுஷன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

"மெய்யாத்தான் சொல்லுதீங்களா?"

"மெய்யாத்தான்."

"அம்புட்டுத் தூரம் போயிட்டு முருகனக் கும்பிடாம வரதா? வியாழக்கெழம போவோமே."

"தெக்க சூலம்லா."

"சூலத்துக்குப் பரிகாரம்னு ஒண்ணு இருக்கும்லா?"

இருந்தது. அதுவும் காலண்டரில் பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. பாபநாசம் இத்தனை வருஷமாக அதை மதித்ததில்லை. பரிகாரம் என்பது திட்டம் போடத் தெரியாதவர்களுக்கு என்பது அவர் கட்சி. இப்போது கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "வெள்ளிக்கெழம மேக்க திரும்பணும், அதுக்கு வெல்லம். வியாழனுக்கு எண்ணெ."

"வெல்லம் நான் முடிஞ்சு தாரேன். எண்ணெயக் குடிக்கணுமா, தேய்க்கணுமா?"

"தலைக்குத் தேச்சாப் போதும்."

கோமு சிரித்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்பொ வரேன். எங்க அக்கா தேச்சு விடுவா" என்றாள். அறுபதை நெருங்குகிறவள் அதைச் சொன்னபோது பாவாடை கட்டின பிள்ளை மாதிரி இருந்தது. பாபநாசம் வேகமாக மேசைக்குப் போனார்.

பழைய தாளை எடுத்து செவ்வாயையும் புதனையும் அடித்துத் திருத்தினார். வியாழனுக்கு நேரே பண்டாரவளையிலிருந்து கதிர்காமம் என்று எழுதினார். காலி நின்று பார்க்கிற ஊராக இல்லாமல் வெள்ளிக்கிழமை கடந்துபோகிற ஊராகிவிட்டது; பரவாயில்லை, வலம் குறையவில்லை. புறப்படும் நேரம் என்ற கட்டத்தில் பேனாவை ஊன்றினார்.

பின்னால் வந்து நின்ற கோமு அவர் தோள்மேலாக எட்டிப்பார்த்தாள். "அங்கன மட்டும் நேரம் போடாதீங்க" என்றாள். "எண்ணெ தேச்சுக் குளிச்சா தல காயணும்லா."

பாபநாசம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பேனாவை மூடினார்.