சுவரில் இருந்த நூற்று முப்பத்துநாலு

பட்டாபிராமிலிருந்து தனசேகரனின் மகள் போன் செய்தபோது அடுப்பில் பால் வைத்திருந்தேன். "அப்பா போயிட்டாரு அத்த" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மனம் நேராக அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் சமையல் கூடத்தின் பாய்லர் அறைக்குத்தான் போனது. அன்றைக்கு அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாளி செல்வநாதன், மேனேஜர் குமரேசன், பாய்லரைப் பார்த்துக்கொண்ட தனசேகரன், அடுத்த ஷிப்டில் அதே வேலை பார்த்த பாஸ்கர், பிறகு நான். சுற்றியிருந்த கம்பெனிகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் சாப்பாடு போகும். அந்தப் பாய்லரின் ஆவியில் இட்லி அவிப்பது என் வேலை.

தனசேகரனோடு பழகியவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். டிப்ளமா படித்தவர், தேய்த்த சட்டை போடாமல் வரமாட்டார், யாருக்கும் பணிந்து பேசமாட்டார். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் உடனே "எதுல?" என்பார். தக்காளி முப்பது வந்திருக்கிறது என்று நான் சொன்னால், "எதுலக்கா? கிலோவா, கூடையா?" என்று கேட்டு என்னை நிறுத்துவார். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒருநாள் நானே அப்படிக் கேட்காமல் விட்டு, முப்பது கிலோவுக்குப் பதில் முப்பது கூடை இறக்கியபோதுதான் அவர் பேச்சின் அருமை புரிந்தது.

பழைய பாய்லர் ஓட்டையாகிப்போக, முதலாளி வேறொன்றை செகண்ட்ஹேண்டில் வாங்கினார். பாதுகாப்பு வால்வு இல்லாமல் வந்தது. உள்ளே ஆவி மிஞ்சினால் தானாகத் திறந்து வெளியேற்றுவது அந்த வால்வுதான். குமரேசன் மோட்டார் பக்கம் வேலை பார்த்தவர், எதையும் ஹெச்.பி.யில், அதாவது குதிரைசக்தியில் சொன்னால்தான் அவருக்குப் பிடிபடும். பழைய பாய்லரின் தகட்டில் அதன் வெப்பத் திறன் மணிக்கு எண்பத்தாறாயிரம் பி.டி.யு. என்று இருந்தது. அதை இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்தைந்தால் வகுத்து, முப்பத்துநாலு ஹெச்.பி. என்று மனப்பாடமாக வைத்திருந்தார். புதிய தகட்டிலும் அதே எண்பத்தாறாயிரம். அதே கணக்கு, அதே முப்பத்துநாலு. பழைய வால்வையே மாட்டச் சொல்லிவிட்டார்.

புதிய தகட்டில் இருந்தது பி.டி.யு. அல்ல, அதைப்போல நாலு மடங்கான கிலோகலோரி. தனசேகரன் சுண்ணாம்புக்கட்டியால் பாய்லர் அறைச் சுவரில் கணக்குப் போட்டார். ஒரு ஹெச்.பி.க்கு அறுநூற்று நாற்பத்தொரு கிலோகலோரி. பாஸ்கரும் பக்கத்திலேயே தனியாக வகுத்துப் பார்த்தான். இருவருக்கும் நூற்று முப்பத்துநாலு வந்தது. நான் டீ கொடுக்கப் போனபோது இரண்டு விடைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எனக்கு அந்தக் கணக்கு புரியாது. ஆனால் கண்ணில் பட்ட எண் எனக்கு மறக்காது.

மறுநாள் காலை பாய்லரைப் பற்றவைக்க முதலாளி வந்து நின்றார். தனசேகரன் எண்ணெய்க் குழாயின் முன்னால் நின்றுகொண்டார்.

"மீதி நூறு குதிரைய எங்க கட்டி வெச்சிகீறீங்க சார்?" என்று குமரேசனைக் கேட்டார். "இட்லிக் குண்டான் மூடில ஊசி ஓட்ட போட்டுட்டு அடுப்ப நாலு மடங்கு ஏத்துற மாரி கீது இது. பக்கத்துல அக்கா நிக்குது."

குமரேசனுக்கு முகம் சிவந்துபோனது. எத்தனையோ வருஷமாகத் தான் போடும் கணக்கு என்றார். முதலாளி பாஸ்கர் பக்கம் திரும்பி, நீ சொல், உன் கணக்கில் எவ்வளவு வந்தது என்று கேட்டார். பாஸ்கர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். சட்டை முதுகெல்லாம் வெள்ளை.

"நான் இன்னும் போட்டுப் பாக்கல சார்."

சுவரில் எண் இல்லை. அவன் முதுகில் இருந்தது. நான் வாய் திறந்து, நேற்று நான் பார்த்தேன் என்றேன். சமையல்காரிக்கு இங்கே என்ன பேச்சு என்று முதலாளி அடக்கிவிட்டார். தனசேகரனை அன்றே கணக்கு முடித்து அனுப்பினார்கள். அவர் போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அது கிட்ட நிக்காதக்கா."

நிற்க வேண்டியும் வரவில்லை. பாஸ்கர் அன்றைக்கு நெருப்பே வைக்கவில்லை. பழைய வால்வு துருப்பிடித்திருக்கிறது என்று சொல்லி, பெரியதாக வேறொன்று வாங்க வைத்தான். நூற்று முப்பத்துநாலுக்குப் பொருத்தமாக. முதலாளி அவன் தோளைத் தட்டி, தனசேகரன் இடத்தைக் கொடுத்தார்.

வாயாடி என்று பெயர் பரவி, எஸ்டேட்டில் வேறு யாரும் தனசேகரனை எடுக்கவில்லை. மாங்காடு, வானகரம் என்று கல்யாண மண்டபங்களின் அடுப்புகளைப் பழுதுபார்த்தே மகளைப் படிக்க வைத்தார். ஒருநாளும் பாஸ்கரைத் திட்டியதில்லை. நான் திட்டினால், "அவனுக்கும் ஊட்ல புள்ளைங்க கீதுக்கா" என்பார். குமரேசன் பிற்பாடு தன் தவறு தெரிந்து, பட்டாபிராமுக்கே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தெரியாமல் செய்தவர். அவர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரை விட்டுவிட்டேன்.

சாவு வீட்டுக்குப் பாஸ்கர் ஆளுயர மாலையோடு வந்தான். அண்ணன்தான் தனக்கு எல்லாம் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய், அன்றைக்குச் சுவரில் எவ்வளவு இருந்தது பாஸ்கரு என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"நூத்தி முப்பத்தி நாலுக்கா."

கேட்க வேண்டியவர் கண்மூடிக் கிடந்தார்.

தனசேகரனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வி. டாக்டர் சர்க்கரை இவ்வளவு என்றாலும், பேரன் மார்க் இவ்வளவு என்றாலும், "எதுல?" என்று கேட்டுவிட்டுத்தான் சந்தோஷமோ வருத்தமோ படுகிறேன். அவருடைய பொறுமையும் கொஞ்சம் வந்திருக்கலாம். வரவில்லை. அவர் மன்னித்தது அவருடைய மனசு. நான் மன்னிக்கமாட்டேன், பாஸ்கரை.