வீடு திரும்பாத பை

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அன்று எங்கள் வாசலுக்கு வந்து கண்ணீர் விட்ட பெண்களில் பாதிப் பேரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்டபோது எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "ரயிலடியில பழக்கம்." ஆகையால் அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் காரைக்குடி ரயில் நிலையத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டியிருக்கிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா பிறந்தது இளையாத்தங்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். விவசாயக் குடும்பம். அண்ணன்மார்களுக்குப் பிறகு ஒரே பெண் என்பதால் செல்லமாக வளர்ந்தவர்கள். அந்தச் செல்லம் கடைசிவரை பேச்சில் தெரிந்தது. யாருக்கும் பயந்து பேசியதில்லை. கல்யாணமாகிக் காரைக்குடிக்கு வந்த அன்றுதான் முதன்முதலாக ரயிலைப் பார்த்தார்களாம். எங்கள் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டுமோ அந்தத் தடத்துக்கு அதைத் திருப்பிவிடுகிற வேலை. "அவுக இழுத்த இழுப்புக்கு ரயிலே போகும், நான் மட்டும் போகமாட்டேன்" என்று அம்மா அப்பாவைக் கேலி செய்வார்கள். அப்பா சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்புவார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார்கள். மூத்தவளான நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். தம்பிக்கு விவரம் தெரியாத வயது. தங்கை கைக்குழந்தை. நாங்கள் குடியிருந்ததோ ரயில்வே கொடுத்த வீடு. மாமாமார்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, "ஊருக்கு வந்துரு ஆத்தா, கஞ்சியோ கூழோ சேந்து குடிப்போம்" என்று கூப்பிட்டார்கள். அம்மா மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் படிப்பு கெட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. அப்பாவின் மேலதிகாரிகள் இரக்கப்பட்டு, நிலையத்தில் பெண்கள் தங்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா வேலையை அம்மாவுக்குக் கொடுத்தார்கள். அதனால் வீடும் எங்களுக்குத் தங்கியது. வேலை போனால் வீடும் போகும் என்பது எங்கள் மூவருக்கும் பாடம் மாதிரி தெரியும்.

இனி நிலையத்தைச் சொல்கிறேன். முதலில் இங்கே இருந்தது ஒரே பாதைதான். வடக்கே திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக வந்து, தெற்கே மானாமதுரைக்குப் போகும் பாதை. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் போகும் அறந்தாங்கிப் பாதை பிற்பாடு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகே காரைக்குடி ஜங்ஷன் ஆயிற்று. நிலையத்தின் வாசல் ஊரைப் பார்த்து இருக்கும். குதிரை வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி உள்ளே நுழைந்தால் டிக்கெட் கொடுக்கும் கூடம். அதைக் கடந்தால் முதல் பிளாட்பாரம். ஒரு பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர் அறையும் தந்தி அறையும், மறுபக்கம் தங்கும் அறைகள். அவற்றில் கடைசி அறை பெண்களுக்கு. தெற்குக் கோடியில் சரக்குக் கொட்டகை. வடக்குக் கோடியில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் குழாய், அதையும் தாண்டித் தண்டவாளத்தின் ஓரமாக எங்கள் வீட்டு வரிசை.

இதில் ஒரு கோளாறு உண்டு. அறந்தாங்கி வண்டி கிழக்கே போக வேண்டியது. ஆனால் புறப்படும்போது திருச்சி வண்டியைப் போலவே அதுவும் வடக்கு நோக்கித்தான் புறப்படும். எங்கள் வீட்டைத் தாண்டி சிறிது தூரம் போன பிறகே தன் வழியில் பிரியும். பட்டுக்கோட்டைக்குப் போக வேண்டியவர்கள் புதுக்கோட்டையில் போய் இறங்கிய கதைகள் எங்கள் வீட்டில் ஏராளம். அப்படிப் போனவர்களைப் பற்றி அம்மா பேசும்போது சிரித்து முடித்த பிறகு, "பாவம், அந்த வெயில்ல என்ன செஞ்சாகளோ" என்றும் சொல்வார்கள்.

பெண்கள் அறையில் இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு நீள பெஞ்சு, ரசம் போன பெரிய கண்ணாடி, சுவரோடு ஓர் அலமாரி. அதுதான் அம்மாவின் ராஜ்யம். வெற்றிலைச் சாற்றைச் சுவரில் துப்பியவர் எவ்வளவு பெரிய வைரத்தோடு போட்டிருந்தாலும் அம்மாவிடம் தப்ப முடியாது. அதே அம்மா, அழுகிற குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, தாயைக் குளித்துவிட்டு வரச் சொல்வார்கள்.

அந்த அலமாரிக்கு வருகிறேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். அந்தத் திசையில் பயணம் கிளம்ப மாட்டார்கள். தவிர்க்க முடியாமல் அன்றே போக வேண்டியிருந்தால், முன்னதாக ஒரு நல்ல நாளில், நல்ல நேரம் பார்த்து, ஒரு பையை மட்டும் வீட்டை விட்டுக் கிளப்பி வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்கள். பை புறப்பட்டுவிட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. ஆனால் அந்தப் பை மறுபடி வீட்டுக்கு வந்துவிடக் கூடாது. வந்தால் பயணமே கெட்டது என்று அர்த்தம். இதற்கு அடுத்த வீட்டைவிட ரயிலடியே மேல் என்று யாரோ ஒரு மகராசி கண்டுபிடித்திருக்கிறார். நாளடைவில் அம்மாவின் அலமாரியில் எப்போதும் இரண்டு மூன்று பைகள் இருக்கும். அம்மா எதையும் பிரித்துப் பார்த்ததில்லை. எங்களையும் தொடவிட்டதில்லை.

ஒருமுறை கண்டரமாணிக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து ஒரு பையைக் கொடுத்தார்கள். அவர்களுடைய மகள் கணவனோடு மனத்தாங்கலாகிப் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். பெரியவர்கள் நடையாய் நடந்து பேசி, பேராவூரணியில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டார் அழைத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். ஆனால் புதன்கிழமைதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமையே பை கிளம்பி வந்துவிட்டது. "இந்தத் தடவையும் தட்டிப்போச்சுன்னா எம் மக தாங்கமாட்டா. பாத்துக்கங்க" என்று அந்த அம்மாள் எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நானே பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை மேலதிகாரி ஒருவர் நிலையத்தைப் பார்வையிட வந்தார். பெண்கள் அறையின் அலமாரியைத் திறந்தார். அந்த ஒரு பைதான் இருந்தது. யாருடையது என்று கேட்டார். அம்மா உள்ளதைச் சொன்னார்கள்.

"டிக்கெட் இல்லாத ஆளுக்கே இங்க இடமில்லை. ஆளே இல்லாத பைக்கு எப்படி இடம்?" என்றார் அவர். ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, சாயங்காலத்துக்குள் அதை உரியவர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயாமேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. சட்டம் அப்படித்தான்.

அன்று மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை. பையை வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பெண்ணின் வாழ்வு போகும். வைத்துக்கொண்டால் எங்கள் வாழ்வு. பிளாட்பாரத்தில் நின்று தெற்கேயும் வடக்கேயும் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். சாயங்காலம் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கமே போகாமல், பிளாட்பாரத்தோடு வடக்கே நடந்து, தண்ணீர்க் குழாயைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"என்னம்மா, அடுத்தவுக பையை இங்க கொண்டாந்துட்டீக?" என்றேன் நான்.

"பை திரும்பிப் போகக்கூடாது, அம்புட்டுத்தானே? இங்குட்டு வந்தா அது முன்னாடி போனதாத்தான் கணக்கு. ரயிலு போற பக்கந்தானே நாம இருக்கோம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: மறுநாள் அதைப் பிளாட்பாரத்துக்கு எடுத்துப் போனால் பை தெற்கே திரும்பினதாகிவிடும். அம்மா அதையும் யோசித்து வைத்திருந்தார்கள். புதன்கிழமை காலை பெண்ணும் பெற்றோரும் வந்ததும், "உங்க பை உங்களுக்கு முந்திக் கெளம்பிருச்சு. வண்டியில இடப்பக்க வாசலுக்குப் பக்கத்துல நில்லுங்க, கையில வந்து சேரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, பையோடு தண்டவாளத்தின் ஓரம் நின்றார்கள். நானும் பின்னால் நின்றேன்.

அன்றைக்கென்று திருச்சி வண்டி தாமதம். இரண்டு வண்டியும் ஒன்றையடுத்து ஒன்று கிளம்பும் நிலை. முதலில் ஒரு வண்டி புகை விட்டுக்கொண்டு வந்தது. "இதுதாம்மா" என்று நான் பரபரத்தேன். அம்மா அசையவில்லை. அது திருச்சி வண்டி. அடுத்து அறந்தாங்கி வண்டி வந்தது. எஞ்சின் அப்போதுதான் இழுக்கத் தொடங்கியிருந்ததால் வண்டி ஊர்ந்துதான் வந்தது. வாசலில் அந்தப் பெண்ணின் அப்பா குனிந்து இரு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அம்மா கூடவே சில எட்டு ஓடி, பையை அவர் கையில் ஏற்றிவிட்டார்கள். சன்னலில் அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டாள். அம்மா மூச்சு வாங்க, "மகராசியா இரு" என்று சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது.

ஆனால் கடைசிப் பெட்டியிலிருந்த கார்டு இதைப் பார்த்துவிட்டார். ஓடும் வண்டியில் பொருள் ஏற்றியதாக அவர் சொல்ல, பயணி ஒருவரின் பையை ஆயா வீட்டுக்குக் கொண்டுபோனதும் தெரிந்துபோயிற்று. விளக்கம் கேட்டு அம்மாவுக்கு மெமோ வந்தது. பக்கத்து வீடுகளில் திருட்டு என்றே பேசினார்கள். அம்மா வேலைக்குப் போய்வந்தார்கள். வீட்டில் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டார்கள். தம்பி மட்டும், "நாம வீட்டைக் காலி பண்ணணுமா?" என்று கேட்டான்.

மகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்த கண்டரமாணிக்கத்து அம்மாள் விஷயம் கேள்விப்பட்டு நேரே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போய்விட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் அம்மாவையும் கூப்பிட்டனுப்பினார்.

"பைக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"நான் பிரிச்சுப் பாக்கலைங்க ஐயா."

"உங்க சாமான் எல்லாம் சரியா இருந்துச்சா?" என்று அந்த அம்மாளைக் கேட்டார்.

"எம் மகளையே அவுக வீட்டுல ஏத்துக்கிட்டாக. நீங்க சாமானைக் கேக்குறீகளே" என்றார்கள் அந்த அம்மாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டாராம். இனி எந்தப் பையும் அறையில் இருக்கக்கூடாது, ஓடுகிற வண்டிக்குப் பக்கத்திலும் போகக்கூடாது என்று கண்டித்து, மேலிடத்துக்கும் நல்லபடியாக எழுதி விஷயத்தை முடித்துவிட்டார். அம்மா சொன்னபடி நடந்தார்கள். அலமாரி காலியாயிற்று; பைகள் எங்கள் வீட்டு வடக்கு மூலைக்கு வந்தன. பிறகு அதே ஸ்டேஷன் மாஸ்டருக்கு வடக்கே மாற்றலாகி, புதன்கிழமை கிளம்ப வேண்டிவந்தபோது, முந்தின வாரமே அவர் மனைவி முந்தானையில் மறைத்து ஒரு பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "சாருக்குத் தெரிய வேண்டாம்" என்றார்கள். சாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இப்படியே எங்களைப் படிக்கவைத்து, என்னையும் தங்கையையும் கட்டிக்கொடுத்து, தம்பிக்கு ஒரு வேலையும் அமைந்த பிறகு அம்மா ஓய்வு பெற்றார்கள். செக்காலைப் பக்கம் வாடகை வீட்டில் தம்பியோடு இருந்தார்கள். இருதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. பிற்பகல் வண்டியின் சத்தம் கேட்டால் மட்டும், "இன்னைக்கு லேட்டு" என்பார்கள்.

நோயில் உடனிருந்து பார்த்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், தோள் கொடுத்த மாமாமார்களுக்கும், சீருடையோடு ஓடிவந்த ரயில்வே நண்பர்களுக்கும், ஓராண்டாக எங்களைத் தேற்றிவரும் உங்கள் அனைவருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. நன்றி சொல்ல வேண்டிய இருவரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

அம்மாவின் உயிர் பிரிந்தது அவிட்ட நட்சத்திரத்தில். அந்த நட்சத்திரத்தில் உயிர் போனால் அடைப்பு என்பார்கள், இறந்த வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். பெரிய மாமா அதைச் சொன்னதும் அழுகைகூட நின்றுபோயிற்று. அது எங்கள் வீடு அல்ல. வீட்டுக்கார ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கைக்குழந்தையோடு இருந்த தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். அப்பா போன நாளில் வீட்டை நினைத்து எங்களைப் பிடித்த பயம் மறுபடியும் வந்து பிடித்தது.

அப்போது தெற்கு வீட்டுச் செல்லம்மா அக்கா தன் வீட்டு வாசலில் நின்றபடியே மாமாவைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு மஞ்சள் பை.

"போன திங்கக்கிழமை நல்ல நேரம் பாத்து எங்கிட்ட குடுத்துட்டாக. 'எனக்குத் தெக்க போக வேண்டியிருக்கு செல்லம்மா, இது ஒன் வீட்டுல இருக்கட்டும்'னாக. அவுக அன்னைக்கே கெளம்பிட்டாக."

வடக்கே போகிறவர்களின் பைகளையே வைத்துக் காத்த அம்மா, தன் பையை மட்டும் எமனுடைய திசைக்குக் கிளப்பிவிட்டிருந்தார்கள். மாமா வீட்டுக்கார ஆச்சியைப் பார்த்தார். ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "எம் மகன் பட்டணம் போனப்ப அவன் பையும் இவுககிட்டதான் இருந்துச்சு. கெளம்பினது நல்ல நாளு. அப்புறம் எதுக்கு வீட்டைப் பூட்டணும்?" என்றார்கள்.

செல்லம்மா அக்காவுக்கும் அந்த ஆச்சிக்கும் நாங்கள் எந்தக் காலத்திலும் நன்றிக்கடன் பட்டவர்கள்.

பையை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. தம்பி அதைத் தெற்கு வீட்டு வாசலில் வாங்கி, எங்கள் வீட்டுக்குள் கொண்டுவராமல், தெருவில் பாடையில் ஏற்றியிருந்த அம்மாவின் தலைமாட்டில் வைத்தான். நான் வாசலில் நின்று, பாடை தெரு திரும்பும்வரை அந்த மஞ்சள் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.