சத்தம் போடாத ஏழாயிரம்

காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறினேன். பெங்களூருக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். ஓசூர் வரை பறந்த வண்டி அதற்குப் பிறகு ஊர ஆரம்பித்தது. சாந்திநகர் நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்பதே கால். ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார் போல, தமிழிலேயே பேசினார்.

"சிவாஜிநகரா சார்? மீட்டருக்கு மேல இருவது ரூபா குடுங்க."

"அப்புறம் மீட்டர் எதுக்கு?"

"டிராஃபிக்கை நீங்களே பாக்கப் போறீங்க சார்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிருஷ்ணகிரியில் துணிக்கடை வைத்திருப்பவன் நான். கல்லாவுக்கு மேலே 'ஒரே விலை' என்று பெரிதாக எழுதி மாட்டியிருக்கிறேன். கலெக்டர் வந்தாலும் கூலிக்காரர் வந்தாலும் சீட்டில் உள்ள விலைதான். ஆளைப் பார்த்து விலை சொல்வது ஒரு வகைத் திருட்டு என்று கடைக்கு வருகிறவர்களிடம் பிரசங்கமே செய்திருக்கிறேன். இருபது ரூபாயைக் கொடுத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் என் தங்கை ஸ்டெல்லா காத்திருந்தாள். லிங்கராஜபுரத்தில் குடியிருக்கிறாள். கணவர் இறந்த பிறகு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தே மகளை ஆளாக்கியவள். அந்த மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண்ணுக்குச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீடு, மாப்பிள்ளைக்குக் கோட் துணி எடுப்பது பெண் வீடு. எங்கள் சர்ச் குடும்பங்களில் இதுதான் வழக்கம். துணியைத் தேர்ந்தெடுக்க மாப்பிள்ளையின் அம்மா மார்கரெட்டும் வருகிறார் என்பதுதான் ஸ்டெல்லாவின் கவலை.

"அண்ணா, துணிக்கு ஏழாயிரம் வெச்சிருக்கேன். தையலுக்குத் தனியா இருக்கு. அதுக்கு மேல கிடையாது. நீ ஒரு ரூபா போட்டாலும் நான் வாங்க மாட்டேன்" என்றாள். "சம்பந்தி முன்னாடி பேரமும் பேச முடியாது. கர்த்தர்தான் காப்பாத்தணும்."

மாப்பிள்ளைத் துணிக்குச் சம்பந்தி எதிரிலேயே பேரம் பேசினால், பேரப்பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயாது. அவள் பயம் நியாயமானதுதான்.

பத்தரை மணிக்கு ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மார்கரெட் வந்து சேர்ந்தார். "வாங்க பிரதர், பஸ்ல சீட் கிடைச்சுதா?" என்று அன்பாகத்தான் விசாரித்தார். மூவரும் கறிக்கடைகளைத் தாண்டி, இரண்டு சக்கர வண்டிகளுக்கு வழிவிட்டு, துணிக்கடைகள் இருக்கும் சந்துக்குள் நுழைந்தோம். தமிழில் விலை கேட்டால் உருதுவில் கணக்குப் போட்டுக் கன்னடத்தில் மிச்சம் கொடுக்கிறார்கள். ஒருவருக்கும் குழப்பமில்லை. அந்தச் சாமர்த்தியத்தை மட்டும் நான் வேண்டாவெறுப்பாக மெச்சிக்கொண்டேன்.

மார்கரெட்டுக்குப் பழக்கமான பகுதி என்றாலும் நாங்கள் நுழைந்த கடை மூவருக்குமே புதிது. நரைத்த தாடியுடன் ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பணம் வந்தால் அறிவிக்கும் அந்தச் சின்னப் பெட்டி. எங்களுக்கு முன்னால் ஒருவர் போனில் மூவாயிரம் அனுப்ப, "மூரு சாவிர ரூபாயி" என்று அது கன்னடத்தில் கத்தியது, தெருவுக்கே கேட்கும்படி. ஸ்டெல்லா அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பாய் உருளை உருளையாகப் பிரித்துப் போட்டார். ஸ்டெல்லா ஓரத்தில் இருந்த துணிகளின் விலைச் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மார்கரெட்டோ கருநீலத்தில் ஒன்றைத் தொட்டுப் பார்த்து, "என் பையனுக்கு இது எடுப்பா இருக்கும், இல்ல ஸ்டெல்லா?" என்றார். கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் சேர்த்துப் பதினோராயிரத்து எண்ணூறு. ஸ்டெல்லா, "நல்லா இருக்கு சம்பந்தி" என்றாள். கண் மட்டும் விலைச் சீட்டிலேயே இருந்தது.

பாய் அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு துணியை மார்கரெட்டின் கையில் கொடுத்து, "மேடம், டியூப்லைட்டை நம்பாதீங்க. வாசல்ல வெயில்ல கலரைப் பாத்துட்டு வாங்க" என்றார். மார்கரெட் வாசலுக்குப் போனார்.

பாய் பெட்டியைத் திருப்பிப் பின்னால் எதையோ அழுத்தினார். ஸ்டெல்லாவிடம் தணிந்த குரலில், "எவ்ளோ நினைச்சு வந்தீங்கம்மா?" என்றார்.

"ஏழு, பாய்."

"ஏழே போடுங்க. ஜல்தி."

ஸ்டெல்லா போனில் அனுப்பினாள். பெட்டி வாயைத் திறக்கவில்லை. மார்கரெட் திரும்பி வந்து, "கலர் சூப்பர். பில்?" என்றபோது, "ஆச்சும்மா" என்று துணியை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

சந்தில் நடக்கும்போது மார்கரெட் சொன்னார்: "விலை ஜாஸ்திதான் ஸ்டெல்லா. தையல் கூலியை நாங்க குடுத்துடறோம்."

"வேணாம் சம்பந்தி. அதுக்கும் எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா. கிடைத்த சலுகையின்மேல் இன்னொன்றை வாங்கிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. என் தங்கையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

குடையை மறந்துவிட்டதாகச் சொல்லி நான் மட்டும் கடைக்குத் திரும்பினேன்.

"நானும் துணிக்கடைக்காரன்தான் பாய். இப்படி ஆளுக்கொரு விலை வெச்சா, கடைசியில யார் தலையில விழும்?"

"இதுல எனக்கு இன்னிக்கு லாபம் இல்லை, அவ்ளோதான். உங்களை மாதிரி யாராவது வருவாங்க" என்று சிரித்தார். "பேன்ட் துணி ஒண்ணு காட்டட்டா?"

காட்டினார். இரண்டாயிரம். என் கடையில் ஆயிரத்து ஐநூறுக்குக் கொடுக்கும் தரம். பேரம் பேசாமல் பணத்தை அனுப்பினேன். இதற்குள் பெட்டியை உயிர்ப்பித்திருந்தார். "எரடு சாவிர ரூபாயி" என்று அது சந்து முழுக்க என் ஏமாளித்தனத்தைப் பறைசாற்றியது. ஐநூறு ரூபாய் ஏமாந்ததில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மாலை நாலரைக்கு ஊருக்குப் பேருந்து. ஏற்றிவிட வந்த ஸ்டெல்லா, "தப்புப் பண்ணிட்டேனா அண்ணா?" என்றாள். இல்லை என்றேன். ஆனால் வழியெல்லாம் யோசித்தேன். என் கடையில் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரோம்" என்று இறங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். எவ்வளவு நினைத்து வந்தார்கள் என்று அவர்களிடம் நான் கேட்டதில்லை. எங்கள் பலகைக்கு அந்தக் கேள்வி தெரியாது.

'ஒரே விலை' பலகையை நான் கழற்றவில்லை. இன்றும் அங்கேதான் தொங்குகிறது. ஆனால் மறுநாள் கடை திறந்ததும் முதல் வேலையாக என் மேசைமேல் இருக்கும் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சத்தத்தைக் குறைக்கும் பொத்தான் எங்கள் பெட்டியிலும் பின்பக்கம்தான் இருக்கிறது.