மணல்மேட்டின் உயரம்

ராஜஸ்தான் டூர் போனபோது ஒரு மணல்மேட்டைப் படமெடுக்க ஆசைப்பட்டேன். வெறும் மணலை எடுத்தால் அதன் உயரம் தெரியாது. ஓர் ஆள் நின்றால்தான் தெரியும். அதனால் என் மனைவியை மேலே ஏறி, எனக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன்.

"என்னங்க, எம்புட்டு நேரந்தான் நிக்கிறது? காலு சுடுது" என்று சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

"திரும்பாத! மூஞ்சி தெரிஞ்சா எல்லாரும் உன்னையத்தான் பாப்பாங்க, மணலப் பாக்க மாட்டாங்க" என்று கீழிருந்து கத்தினேன். அவள் திரும்பிய படத்தை அங்கேயே அழித்தேன். அடுத்ததில் அவளுடைய சிவப்புச் சேலை ஒரு பொட்டு அளவுக்குத் தெரிந்தது. அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சமயநல்லூர் வீட்டு ஹாலில் மாட்டினேன்.

இந்த வருடம் ஆடியில் அவள் மாரடைப்பில் இறந்துபோனாள்.

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கப் போனேன். கடைக்காரர் என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடற்கரை, மலை, வயல் என்று எல்லாப் படத்திலும் அவள் முதுகுதான் இருந்தது.

"அண்ணே, அண்ணி மூஞ்சி தெரியிற மாதிரி ஒண்ணுகூட இல்லையாண்ணே?"

எனக்கு அழுகை வரவில்லை. அவளுடைய ஆதார் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அதில் அவள் சிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அவளுடைய சித்தப்பா, ஹாலில் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எம்புட்டுப் பெரிய மணல்மேடு மாப்ள!" என்றார்.

அவர் மணலைத்தான் பார்த்தார்.

"ஆமா மாமா" என்றேன்.