மருந்து விடும் நேரத்து அழைப்பு

போன வருடம் ஆடி மாதம், கொழும்பு வெள்ளவத்தையில் நான் தனியாக இருக்கும் நாலாம் மாடி ஃபிளாட்டில் நடந்தது இது. அப்போதுதான் என் வலது கண்ணில் கண்புரை ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மச்சாள் அன்று கூட வந்து, ஆஸ்பத்திரியில் காத்திருந்து, பின்னேரம் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். முழங்கால் வருத்தக்காரி, அந்த ஒரு நாள் வந்ததே பெரிய காரியம். என் கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் கனடாவில், ரொறன்ரோவில்.

கண்ணில் போட்டிருந்த கட்டை அவிழ்த்ததும் பல்கனியில் போய் நின்றேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, காலி நகருக்குப் போகும் பெருவீதி ஒரு துண்டு தெரியும். அதில் போன பஸ்ஸின் நம்பரை வாசித்துவிட்டேன். சந்தோஷத்தோடு உள்ளே வந்தால் சமையலறைச் சுவர் முழுக்க எண்ணெய்க் கறை. அந்தச் சுவரைப் பளிச்சென்று வைத்திருப்பதாக அதுவரை எனக்கு ஒரு பெருமை இருந்தது. கண் தெரியாமல் இருந்ததில் சில வசதிகளும் இருந்திருக்கின்றன.

ஆஸ்பத்திரியில் இரண்டு குப்பி மருந்து தந்து, ஒரு நாளைக்கு நாலு தரம் விடச் சொன்னார்கள். வீட்டில் மருந்து விட ஆள் இருக்கிறதா என்று தாதி கேட்டபோது மகள் இருக்கிறாள் என்றேன். எங்கே இருக்கிறாள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மகள்தான் மருந்து விட்டாள், போனுக்குள் இருந்து.

அவள் படுக்கப் போகும் நேரம் எனக்குக் காலை மருந்து. அவள் எழும்பியதும் எனக்குப் பின்னேர மருந்து. இரவு மருந்துக்கு அவள் வேலைத்தளத்தில் இருப்பாள். கோட் மாட்டும் சின்ன அறைக்குள் போய் நின்று கூப்பிடுவாள். நான் போனை மாவு டின்னில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணாந்து கொள்வேன்.

"கீழ் இமையை இழுங்கோ அம்மா. இன்னும் கொஞ்சம். மேல பாருங்கோ. ஆ, இப்ப விடுங்கோ. விழுந்திட்டுது!"

விழுந்ததும் எங்கள் இருவருக்கும் ஒரு சிரிப்பு வரும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், அடுத்த மருந்து விடும் வரை. அந்த இடைவெளியில்தான் கதை. என்ன சமைத்தேன், பேரன் விளையாடப் போன இடத்தில் யாரோடு சண்டை பிடித்தான், அங்கே மரக்கறி என்ன விலை, எல்லாம் வரும். மத்தியான மருந்து நேரம் மட்டும் அங்கே நடுச்சாமம். அதை நானே விட்டுக்கொள்வேன், பாதி கன்னத்தில் ஓடும்.

ஒப்பரேஷனுக்கு முன்னர் அவள் கூப்பிடுவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். பேரப்பிள்ளைகள் ஒரு "ஹாய் அம்மம்மா" சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். "சாப்பிட்டீங்களோ?" என்பாள். "ஓம்" என்பேன். அதோடு இரண்டு பேருக்கும் கதை முடிந்துவிடும். ஒப்பரேஷனுக்குப் பிறகோ ஒரு நாளைக்கு மூன்று தரம் மகளின் முகத்தைப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த முதல் கிழமை, ஏழு நாளும், நான் மிகச் சந்தோஷமாக இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கண் கடிக்கத் தொடங்கியது. முதலில் ஓரத்தில் மட்டும் ஒரு அரிப்பு. பிறகு மருந்து விட்டதும் எரிந்தது, தண்ணீராய் ஓடியது. இமை சிவந்து தடித்தது. கண்ணைச் சுற்றித் தோல் வெந்தது மாதிரி ஆகி, செதிலாக உரிந்தது. மருந்து வேலை செய்தால் எரியும்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உள்ளுக்குள் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த மருந்துதான் என்று நன்றாகவே தெரிந்தது. ஆனால் கடிக்கிறது என்று சொன்னால் மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். மருந்து நின்றால் அழைப்பும் நின்றுவிடும். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கண் போனாலும் பரவாயில்லை என்று நான் நினைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

பல்கனி வெளிச்சம் முதுகில் படும்படி இருந்துகொண்டு போனை எடுப்பேன். முகம் இருட்டாகத்தான் தெரியும்.

"லைட்டைப் போடுங்கோ அம்மா, கண் வடிவாத் தெரியேல்லை."

"லைட் கூசுது பிள்ளை. நீ சொல்லு, நான் விடுறன்."

"பார்வை எப்பிடி?"

"பஸ் நம்பர் எல்லாம் தெரியுது."

ஒரு நாள் காலை முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியின் முன் நின்று, இடது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தேன். கண்ணாடிக்குள் நான் இல்லை. எண்ணெய்க் கடதாசிக்கு அப்பால் ஏதோ அசைவது போல் ஒரு நிழல் மட்டும். பொத்திய கையை எடுக்காமல் பல்கனிக்கு ஓடினேன். பஸ் போகும் சத்தம் கேட்டது, பஸ்ஸைக் காணவில்லை. மச்சாளைக் கூப்பிட்டால் அவர் மாடிப்படி இறங்கவே அரை மணித்தியாலம் ஆகும். மகளைக் கூப்பிட்டால் அங்கிருந்து அழத்தான் முடியும்.

எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினேன். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம், கணவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. பெருநாளுக்கு அவர்கள் வட்டிலப்பம் அனுப்புவார்கள், தைப்பொங்கலுக்கு நான் பொங்கல் அனுப்புவேன். இத்தனை வருடமாகத் தட்டுகள் போய்வந்தன, நாங்கள் போய்வரவில்லை. ஒருவரிடமும் போய் நிற்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

அந்தப் பெண் கதவைத் திறந்ததும் வாயில் கை வைத்துவிட்டார். "யா அல்லாஹ்! என்ன ஆன்ட்டி இது, கண்ணு இப்புடி வீங்கி ஈக்கிதே!" வேறொன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்து, அபாயாவை மாட்டிக்கொண்டு, கீழே வந்து ஓட்டோவை மறித்து என்னை ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. விளக்கடியில் வைத்துக் கண்ணைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அந்த நேரம் நான் கும்பிடாத கடவுள் இல்லை. நல்லகாலம், உள்ளே ஒரு பழுதும் இல்லை. மருந்தில் ஒன்று எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கண்ணின் மேற்பரப்பு புண்பட்டிருந்தது. ஒத்துக்கொள்ளாத மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் புண் கூடத்தானே செய்யும் என்றார். கடித்த முதல் நாளே வந்திருந்தால் அன்றைக்கே மாற்றித் தந்திருப்பேன், இவ்வளவு நாளும் ஏன் பொறுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்.

எதிர்வீட்டுப் பெண்தான் சிங்களத்தில் பதில் சொன்னார்: "ஆன்ட்டி தனியம இன்னே, டொக்டர்." ஆன்ட்டி தனியத்தான் இருக்கிறார் என்று அர்த்தம். வேறு ஒருவர் வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மகள் கூப்பிடுகிறாள், மச்சாள் இருக்கிறார், எனக்கென்ன குறை என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அழக்கூடாத கண்ணோடு அந்தக் கதிரையில் இருந்தபடியே அழுதேன்.

புது மருந்தின் முதல் சொட்டை வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெண்ணே விட்டார். கையில் வெங்காய மணம். என் இமையை அவர் மெல்ல இழுத்தபோதுதான், இன்னொருவர் விரல் என் முகத்தில் பட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். சொட்டு ஒரே தரத்தில் விழுந்தது.

பின்னேரம் மகள் கூப்பிட்டபோது லைட்டைப் போட்டு, கண்ணைக் காட்டினேன். "ஏனம்மா சொல்லேல்லை?" என்றாள். உனக்கு வேலை, உன்னை ஏன் பயப்படுத்த வேணும் என்று ஏதோ சொன்னேன். உண்மையான காரணத்தை இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவள் வேதனைப்படுவாள். அவளிலும் பிழை இல்லை. வேலைக்குப் போய், பிள்ளைகளையும் பார்த்து, அந்தக் குளிரில் அவள் படும் பாடு எனக்குத் தெரியும்.

கண் நன்றாக ஆறிவிட்டது. ஊசியில் நூல் கோர்க்கிறேன். நான் பயந்தபடியே மருந்து முடிந்ததும் அழைப்புகளும் குறைந்தன. முதலில் ஒரு நாளைக்கு ஒன்று, பிறகு இரண்டு நாளுக்கு ஒன்று, கடைசியில் பழையபடி ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டுக் கதவை இப்போது சில நாட்களில் தட்டுகிறேன், ஆனால் அவருக்கும் குடும்பம் இருக்கிறது. மிச்ச நேரமெல்லாம் ஃபிளாட்டில் நானும் ஃபானின் சத்தமும்தான்.

ஆனால் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. போன கிழமை, புதன்கிழமை பின்னேரம், நானே மகளைக் கூப்பிட்டேன். அவள் பதறிப்போய், "என்னம்மா, என்ன நடந்தது?" என்றாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை, சும்மா கதைக்க வேணும் போல இருந்தது" என்றேன். அந்த ஒரு வரியைச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் ஒரு கண்ணையே இழக்கப் பார்த்தேன்.